பழுப்பு ஸ்டிக்கர்

சுகந்தி முதல் ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டதும் நாச்சிமுத்து தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காகிதம் இருந்தது. இருக்காமல் எங்கே போகும்? நான்காக மடித்தது நான்கு நாளாக அங்கேதான் இருக்கிறது, சட்டை மாறினால் அதுவும் கூடவே மாறுகிறது. வீட்டில் வைத்தால் மனைவி கண்ணம்மா எடுத்துப் படித்துவிட்டு, நான் அப்பவே சொன்னனே என்று ஆரம்பிப்பாள். கடையில் வைத்தால் முதலாளி தனசேகர் கண்ணில் படும். கிழித்துப் போடலாமென்றால் கை வரமாட்டேன் என்கிறது. காந்திபுரத்தில் மாடியில் இருக்கும் அந்தக் கடையின் பின்பக்கத்தில், சுவரெல்லாம் பஞ்சு அட்டை ஒட்டி, கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை அது. வாங்க வருகிறவர்கள் உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பதற்கு. மேசைமேல் ஆறு ஹெட்போன்கள். ஆறிலும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பழுப்பு ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரை ஒட்டியது நாச்சிமுத்து. கீச்சென்ற சத்தம் தாங்காதவர்கள், கரண்டி விழுந்தால் காதைப் பொத்திக்கொள்கிறவர்கள், பாட்டில் மேல்சத்தம் ஏறினால் பல் கூசுகிறவர்கள் எல்லாம் ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பஸ் ஏறி இந்த ஸ்டிக்கரைத் தேடித்தான் வருகிறார்கள். ‘கூசும் காதுகளுக்கு: நாச்சிமுத்து தேர்வு’ என்று வாசலில் போர்டே வைத்திருக்கிறான் தனசேகர். போர்டில் நாச்சிமுத்துவின் போட்டோ வேறு, கண்ணை மூடி, ஹெட்போன் போட்டு, ஏதோ தவம் செய்கிற மாதிரி. நான்கு நாளாக அதைத் தாண்டித்தான் உள்ளே வருகிறார், தலையைக் குனிந்துகொண்டு.

சுகந்தி தன் செல்போனில் கொண்டுவந்ததைத்தான் போட்டுக் கேட்டாள். பாட்டு இல்லை, ஒரு டாக்டரின் குரல். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடிப்பது அவள் வேலை, தினம் எட்டு மணி நேரம், பதினோரு வருஷமாக. அந்தக் குரலில் ‘ஸ்’ வருகிற இடமெல்லாம் அவள் இடது கண் ஒரு முறை சுருங்கியது. நாச்சிமுத்து எண்ண ஆரம்பித்தார், பிறகு எண்ணுவதை விட்டார். வியாதிப் பெயர்களில்தான் எத்தனை ‘ஸ்’! யார் வைத்த பெயர்களோ, இந்தப் பெண்ணைக் குத்துவதற்கென்றே வைத்தது போல. அவள் கழற்றி வைத்து, “இது வேண்டாங்ணா,” என்றாள், ஏதோ தப்பு செய்தவள் போல. தப்பு செய்தவர் எதிரே உட்கார்ந்து, “பரவால்லீங்க அம்மணி, அடுத்தது பாருங்க,” என்று இரண்டாவதை எடுத்து நீட்டினார். நீட்டும்போது ஸ்டிக்கர் மேலே கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டார். எதற்கு மறைக்கிறாய், ஆறிலும்தான் இருக்கிறதே என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். விரல் நகரவில்லை.

எப்படி ஒட்டினார் என்றால், அவரிடம் ஒரு பதிவு இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் மார்கழி மாதத்தில் பிள்ளையார் கோயில் பஜனையில் அவரே பதிந்தது, ஒன்றரை நிமிஷம், அதில் கைத்தாளம் சிங்கு சிங்கென்று உச்சிமண்டை வரைக்கும் ஏறும். எந்த ஹெட்போன் வந்தாலும் முதலில் அதைத்தான் போடுவார். தாளம் குத்தினால் ஸ்டிக்கர் இல்லை, குத்தாமல் இதமாக வந்தால் ஸ்டிக்கர். இவ்வளவுதான் சூட்சுமம். ஆரம்பத்தில் பத்தில் ஒன்றுதான் தேறும். அப்புறம் மூன்று தேறியது, அப்புறம் ஐந்து, இந்த இரண்டு மூன்று வருஷமாகப் பத்துக்கு எட்டு. அவருக்கு அதில் என்ன சந்தோஷம்! “இப்பத்தான் கம்பெனிக்காரனுங்களுக்கு புத்தி வந்திருக்குது தனசேகரு, காத மதிக்கறானுங்க,” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாரே, சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாரே. உலகம் மென்மையாகிக்கொண்டே வருகிறது என்று ஒரு மனிதன் நம்பிக்கொண்டிருந்தான், அவன் காது அடைந்துகொண்டே வந்தது. இதை யாராவது இன்னொருவனைப் பற்றிச் சொல்லியிருந்தால் நாச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்திருப்பார். நெசமாகவே மெத்தென்று சத்தம் தருகிற ஒன்றிரண்டு நல்ல சாமான்களை, ‘இது மந்தம், போர்வைக்குள்ள பேசறாப்ல இருக்குது’ என்று அடி டிராயரில் தள்ளிவிட்டதும் அவர்தான். டிராயர். அந்த நினைப்பு வந்ததும் அவர் பார்வை மேசைக்குக் கீழே போனது, உடனே மேலே வந்துவிட்டது. அதைத் திறந்தால் ஏன் திறந்தாய் என்று சொல்ல வேண்டிவரும்.

இரண்டாவதும் இல்லை. மூன்றாவதைப் போட்டுக்கொண்டு சுகந்தி கண்ணை மூடினாள். நாச்சிமுத்துவின் காதைப் பால் குக்கர்தான் காட்டிக்கொடுத்தது. கண்ணம்மா குளிக்கப் போகும்போது, விசில் வந்தா அணைச்சிருங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். இவர் அடுப்புக்கு ஓரடி தள்ளி நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் ஈரத்தலையோடு ஓடிவந்து அணைத்தபோது தண்ணீர் வற்றி அடியில் கருகல் வாடை. ஒரு மாதத்தில் மூன்றாவது தடவை. “தெரு முக்குல இருக்கற நாய்க்குக் கேக்குது, உங்களுக்குக் கேக்கலீங்களா?” என்றாள். சோம்பேறித்தனம் என்றுதான் அவளும் நினைத்தாள், அவரும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டார், சோம்பேறி என்ற பெயர் எவ்வளவோ தேவலை. ஆனால் அவள் விடவில்லை. காது பரிசோதனைக்கு விரட்டி அனுப்பினாள். அங்கே போயும் இவர் சும்மா இருந்தாரா? அந்தச் சின்னப் பெண் தலையில் மாட்டிய ஹெட்போனைத் தொட்டுப் பார்த்து, இதில் கீழ்ச்சத்தம் சரியாக வராதே கண்ணு, நான் இந்தத் தொழில்லதான் இருக்கேன் என்று விளக்கம் வேறு கொடுத்தார். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினார், அமுக்கினார், பிறகு ஒன்றும் வரவில்லை. மெஷினில் ஏதோ கோளாறு என்று மரியாதையாகக் காத்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் எதையோ திருகுகிறாள், இவர் முகத்தைப் பார்க்கிறாள், திருகுகிறாள், பார்க்கிறாள். பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து, “மெஷின் நின்னு போச்சுங்களா?” என்று கேட்டார். “இல்லீங்க சார், ஓடிட்டுத்தான் இருக்குது,” என்றாள். இப்போது நினைத்தாலும் கழுத்து சுடுகிறது. அந்த வாக்கியத்தை அவள் எவ்வளவு மெதுவாகச் சொன்னாள், நோயாளியிடம் பேசுவது போல.

“ஏனுங்ணா,” என்றாள் சுகந்தி. மூன்றாவது கழற்றப்பட்டு மேசைமேல் கிடந்தது. “நீங்க அன்னிக்கு சொன்னீங்களே, காதுல ஒண்ணுமில்ல, மனசுலதான்னு. அது நெசந்தானோன்னு எனக்கும் தோணிருச்சுங்க. மனசு டாக்டர்கிட்டப் போனேன். மாத்திரை குடுத்திருக்காங்க, மூணு மாசமா சாப்பிடறேன்.”

“கொறஞ்சுதுங்களா?” என்று கேட்டது நாச்சிமுத்துவின் வாய். அந்த வாயை என்ன செய்வது!

“தூக்கம் வருதுங்க. குத்தறது அப்படியேதான் இருக்குது. தூங்கித் தூங்கி வேல கொறஞ்சு போச்சு. இந்த மாசத்துக்குள்ள பழையபடி அடிக்கலீன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. வேற எதுவும் எனக்குத் தெரியாதுங்ணா, இந்த வேலதான் தெரியும். அதான், இன்னொருக்கா உங்ககிட்டயே கேட்டுப்போடலாம்னு வந்தேன். உங்க காதுதான காது.”

உங்க காதுதான காது. அவர் நான்காவதை எடுத்துக் கொடுத்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாததால் கொடுத்தார். அன்றைக்கு நடந்தது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது, அதுதான் கொடுமை. கேட்க வேண்டியது எதுவும் காதில் விழாது, மறக்க வேண்டியது எல்லாம் அட்சரம் பிசகாமல் உள்ளே இருக்கும். ஸ்டிக்கர் பார்த்து ஒரு ஹெட்போன் வாங்கிப்போன ஒரே வாரத்தில் அவள் திரும்பி வந்தாள். ஊசி குத்தறாப்ல இருக்குதுங்ணா என்றாள். ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆள். அவர் வாங்கித் தலையில் போட்டு, பஜனையை ஓடவிட்டு, போர்டில் இருக்கிறபடியே கண்ணை மூடி, ஒன்றரை நிமிஷமும் முழுசாகக் கேட்டார். ஆட்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள் என்று தெரியும், அதற்காகவே தலையைக் கொஞ்சம் ஆட்டினார். பிறகு கழற்றி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “பஞ்சு மாதிரி இருக்குது அம்மணி! உங்க காதுல ஒண்ணுமில்ல, மனசுலதான் என்னமோ குத்துது,” என்றார். காலேஜ் பையன்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். தனசேகர் சிரித்தான், அதை ஒரு மாதம் வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவள் முகம் சிவந்து, சரிங்ணா, பழகிரும்னு நெனைக்கிறேன் என்று டப்பாவை வாங்கிக்கொண்டு படி இறங்கினாள். படி இறங்கும்போது ஒரு கையால் காதைத் தொட்டுக்கொண்டதையும் பார்த்தார். நெசமாகவே குத்தியிருக்கிறது, இத்தனை நாளும் குத்தியிருக்கிறது, எட்டு எட்டு மணி நேரம். நாலு நாளாக விஷயம் தெரிந்த பிறகும் நீ என்ன செய்தாய் நாச்சிமுத்து? நேற்றுகூட சூலூரிலிருந்து வந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருக்கு ஸ்டிக்கர் பார்த்துத்தானே கட்டிக் கொடுத்தாய்? நல்லா இருக்குங்களா என்று அவர் கேட்டதற்கு, எங்காதுக்கு நல்லா இருக்குதுங்க என்றாய். பொய் இல்லையாம். பெரிய அரிச்சந்திரன்.

கண்ணாடிக் கதவு திறந்தது, தனசேகர் தலையை மட்டும் நீட்டினான். “அண்ணா, பல்லடத்துல இருந்து ஒரு குடும்பம் வந்திருக்குதுங்க. வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டாங்களாமா, நீங்கதான் வேணுமாமா. சீக்கிரம் வாங்க.” தலை போய்விட்டது. கண்ணாடிக்கு வெளியே அவன் அந்தக் குடும்பத்திடம் பேசுகிற உதடு தெரிந்தது. கொஞ்சம் இருங்க, காதுன்னா அதுதானுங்க காது. உதட்டைப் படிப்பது மில்லில் கற்றது. கடைக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் நூல் மில்லில் இருந்தார், அந்த இரைச்சலில் யாரும் காதால் பேசிக்கொள்வதில்லை. அதனால்தான் இத்தனை நாள் ஒன்றும் தெரியாமலே ஓடியிருக்கிறது, காது விட்டதையெல்லாம் கண் பொறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. அப்பா முப்பத்திரண்டு வருஷம் அதே மில். அப்பா பேசினால் தெருவே திரும்பிப் பார்க்கும், சண்டை போடுகிறார் என்று நினைக்கும், சாப்பிட்டயா என்றுதான் கேட்டிருப்பார். எட்டாம் வகுப்பில் பீஸ் கட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஆபீஸ் வாசலில் நின்று அந்தக் குரலில் மகன் பெயரைச் சொன்னார். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்தவன் யார்ரா அது என்றான். எங்க தெருக்காரரு என்று சொன்னது நாச்சிமுத்து. மெதுவாகத்தான் சொன்னது, நாற்பதடி தூரம். ஆனால் அப்பா இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை வீட்டில் அப்பா எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். அப்பா செத்துப் பதினெட்டு வருஷம். அவருக்கு ஒரு ஹெட்போன் மாட்டி என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்று இந்தக் காது நிபுணன் ஒரு நாளாவது பார்த்திருப்பானா?

ஐந்தாவதும் ஆறாவதும் முடிந்தன. சுகந்தி ஆறையும் வரிசையாக அடுக்கினாள், அடுக்கியதை மறுபடி சரி செய்தாள். அம்மா என்று அவள் உதடு மட்டும் அசைந்தது. “எல்லாமே குத்துதுங்ணா,” என்றாள். “எல்லாமே நல்ல சாமான், நீங்க பாத்து வெச்சது. அப்ப எனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சு. இருக்கறதுல இந்த நாலாவது கொஞ்சம் பரவால்ல. இதையே குடுத்திருங்க, பல்லக் கடிச்சுட்டு ஓட்டிக்கறேன்.”

நாச்சிமுத்து குனிந்து அடி டிராயரை இழுத்தார். அது இறுகிக் கிடந்து, இரண்டு இழுப்புக்குத்தான் வந்தது. ஸ்டிக்கர் இல்லாத பெரிய காதுமெத்தைக்காரன் ஒன்று, தூசி படிந்து, அவர் நான்கு வருஷத்துக்கு முன்னால் மந்தம் என்று ஒதுக்கியது. வேட்டி நுனியால் துடைத்துக் கொடுத்தார். அவள் மாட்டிக்கொண்டு டாக்டரை ஓடவிட்டாள். அவர் அவள் இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சுருங்கவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். தோள் இரண்டும் காதோரத்திலிருந்து கீழே இறங்கின, அவ்வளவு நேரம் அவை மேலே தூக்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவள் விரல்கள் மேசைமேல் தானாக டைப் அடிக்க ஆரம்பித்தன. நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே ஒரு எண்ணம், வெட்கங்கெட்ட எண்ணம், வால் குழைத்துக்கொண்டு வந்தது. முடிந்துவிட்டது, அவளுக்குக் கிடைத்துவிட்டது, இனி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. புது ஸ்டாக் அம்மணி, உங்களுக்காக எடுத்து வெச்சேன் என்றால் போதும். நாளையிலிருந்து மெதுவாக, யாருக்கும் தெரியாமல், ஸ்டிக்கர்களை உரித்துவிடலாம். போர்டு இருக்கட்டும்.

அவள் கழற்றினாள். முகம் மலர்ந்திருந்தது, ஆனால் முழுசாக இல்லை. ஹெட்போனை அவரிடம் நீட்டினாள். “எனக்கு நல்லா இருக்கறாப்ல தோணுதுங்ணா. ஆனா என் நெனப்ப நம்ப முடியறதில்ல இப்பெல்லாம். நீங்க ஒருக்காப் போட்டுப் பாத்துச் சொல்லீட்டீங்கன்னா வாங்கிக்கறேன்.”

வாங்கினார். போட்டுக்கொண்டார். வேறு வழியில்லாமல் பஜனையையும் ஓடவிட்டார். மிருதங்கம் எங்கோ அடித்தளத்தில் தம் தம் என்றது, பாடுகிறவர்கள் மெத்தைக்குள் வாயை வைத்துப் பாடினார்கள், தாளம் கேட்கவே இல்லை. அவர் கையாலேயே பதிந்த தாளம், எந்த இடத்தில் விழும் என்று தூக்கத்தில்கூடச் சொல்வாரே, அந்த இடம் வெறுமையாக வந்து வெறுமையாகப் போனது. எதிரே அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் காது சரியா என்று அவர் முகத்தில் தேடுகிறாள். ஒரு ‘நல்லா இருக்குதுங்க’ சொன்னால் ஹெட்போன் அவளோடு போகும், வேலை போகாது. ஆனால் நாளைக் காலையிலும் அந்த மாத்திரையை விழுங்குவாள். தன் வலியைத் தானே நம்பாமல், குத்துகிறதா என்று ஊர்க்காரன் ஒருவனைக் கேட்டுக்கொண்டு மிச்ச நாளெல்லாம் இருப்பாள். அவர் ஹெட்போனைக் கழற்றினார். சட்டைப் பைக்குள் கை போனது, இந்தத் தடவை வெறுமனே தொட்டுப் பார்க்க இல்லை.

காது பரிசோதனைக் காகிதத்தை அவள் விரித்தாள். தினம் இருபது காது, மூக்கு, தொண்டை ரிப்போர்ட் அடிக்கிறவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் விரல் அதிலிருந்த வரைபடக் கோட்டின் மேலேயே போனது, சமமாகக் கொஞ்ச தூரம், பிறகு கிணற்றுப்படி மாதிரி கீழே கீழே. அடியில் போய் நின்றது. பிறகு மேலே ஏறிப் பெயரைப் பார்த்தது.

“இது எப்ப எடுத்ததுங்ணா?”

“வெள்ளிக்கெழமைங்க.”

“இது வெள்ளிக்கெழமை வந்ததில்லீங்களே. வருசக்கணக்கா ஆகியிருக்கோணுமே.”

“ஆமாங்க அம்மணி.”

“அப்ப எனக்குக் குத்துனது...”

“நெசமாத்தானுங்க குத்தியிருக்குது. எனக்குத்தான் கேக்கல.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், வாங்கிக்கொண்டால் கொஞ்சம் தீரும் என்றுகூட ஒரு கணக்கு உள்ளே ஓடியது, அதற்கும் வெட்கப்பட்டார். அவள் காகிதத்தை நான்காகவே மடித்து, அவர் பக்கம் தள்ளி வைத்தாள். கண் நிறைந்திருந்தது. குனிந்து ஏதோ சொன்னாள். சத்தமே வரவில்லை, அல்லது வந்ததோ என்னவோ, அவர் உதட்டிலிருந்துதான் படித்தார். “அன்னிக்கு வெளிய வெச்சு, அத்தன பேரு முன்னால சொன்னீங்க. இத மட்டும் ரூமுக்குள்ள வெச்சுச் சொல்றீங்களேங்ணா.”

நாற்பதடி தூரத்தில் அப்பா நின்றது இப்படித்தான் இருந்திருக்குமா? நாச்சிமுத்து எழுந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்தார். பல்லடத்துக் குடும்பம் எழுந்து நின்றது, தனசேகர் கையை நீட்டி, “வந்துட்டாருங்க, நாஞ் சொன்னனே,” என்றான். அவர் சொன்னார். அது தொண்டையோடு நின்றுவிட்டது. “என்னுங்ணா?” என்று தனசேகர் சிரித்துக்கொண்டே கிட்டத்தில் வந்தான். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொரு தடவை ஆரம்பித்தார். இயந்திரங்களுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரல் வந்தது, அப்பாவின் குரல், இத்தனை வருஷமாகக் கடைக்குப் பொருந்தாது என்று அடக்கி வைத்திருந்தது.

“எனக்குக் காது கேக்கறதில்லீங்க! ரொம்ப நாளாவே கேக்கல! இந்த ஸ்டிக்கர நம்பி யாரும் வாங்காதீங்க!”

தனசேகரின் சிரிப்பு அப்படியே நின்றது. படியேறி வந்துகொண்டிருந்த ஒருவர் பாதிப்படியில் நின்றார். பின்னால் சுகந்தி கதவருகே வந்து ஏதாவது சொன்னாளோ என்னவோ, திரும்பிப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். அவர் திரும்பவில்லை, இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

“அன்னிக்கு இந்த அம்மணி சொன்னதுதானுங்க நெசம்,” என்றார், அதே குரலில்.